ஒழுங்காகத் தடவிய எண்ணெய்

பட்டறையில் வேலை செய்கிறவர்கள் பெரியவருக்குப் பின்னால் அவரைக் 'கஞ்சிச்சட்டை' என்பார்கள். சட்டைக்குப் போட்ட கஞ்சி நாளடைவில் முதுகெலும்புக்குள்ளும் இறங்கிவிட்டது என்பது அவர்கள் கட்சி. அது அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. எட்டியும் எட்டாதது மாதிரி கடந்து போவார். முதுகு வளைந்தவனால் ஒரு குடும்பத்தின் பெயரைத் தூக்கிச் சுமக்க முடியாது என்பது அவர் கட்சி.

அந்தப் பெயர் ஒரு பச்சைச் சீசாவின் மேல் ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் பின்புறப் பட்டறையில் எலுமிச்சம்புல்லைச் செம்புக் கொப்பரையில் அடைத்து, ஆவியில் வாட்டி, எண்ணெய் இறக்குவார்கள். அதோடு வேப்பெண்ணெயும் இன்னும் இரண்டு இலைச் சரக்கும் சேர்த்தால் கொசு விரட்டும் எண்ணெய். சீசாவின் தாளில் குடும்பப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே பெரியவரின் அப்பா எழுதிவைத்த ஒரே வரி: 'ஒரு முறை தடவினால் விடியும் வரை கொசு அண்டாது.'

அந்த வரிக்குச் சாட்சி தேடி யாரும் வெளியே போக வேண்டியதில்லை. பெரியவரின் அப்பாவைக் கொசு கடித்துப் பார்த்தவர் கிடையாது. பெரியவரைக் கடித்தது கிடையாது. அவருடைய மகனைத் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே கடித்தது கிடையாது. வீட்டில் கடிபட்டவர் ஒருவர்தான். பட்டறையில் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் பெரியவரின் மனைவி. வாழ வந்த நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் கழுத்தையும் காலையும் சொறிந்துகொண்டிருந்தார். அதற்கும் வீட்டில் பதில் தயாராக இருந்தது. "ஒழுங்காத் தடவலை" என்பார் மாமனார். அவர் காலத்துக்குப் பிறகு அதைச் சொல்லும் பொறுப்பைப் பெரியவர் ஏற்றுக்கொண்டார். சில வருஷங்களாகத்தான் அந்தப் பேச்சு நின்றிருந்தது. "எங்க வீட்டம்மா ஒருவழியாத் தடவக் கத்துக்கிட்டா" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

மகனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழில். இந்த முறை மலைக்காட்டோரம் வேலை கிடைத்திருந்தது. கூடாரம் அடித்துத் தங்கி, மாதக்கணக்கில் தோண்ட வேண்டும். இதற்கு முன் அங்கே போன வேறொரு குழு பாதி வேலையில் மலேரியாவோடு திரும்பியிருந்தது. ஒருவர் இன்னும் மருத்துவமனையில் கிடந்தார்.

கூடத்தில் குழுவுக்கான சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அட்டைப்பெட்டி பெரியவர் கண்ணில் பட்டது. உள்ளே வெள்ளைக் குழாய்களில் அடைத்த களிம்பு. கடையில் விற்கிற ரசாயன மருந்து.

"இது யார் வீட்டுப் பெட்டி?"

"நம்ம வீட்டுதுதான் மாமா. நான் வாங்கினேன்" என்றாள் மருமகள். கொசு ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. கொசுவை விரட்டுகிற வீட்டுக்குக் கொசு வளர்க்கிற இடத்திலிருந்து பெண் எடுத்திருக்கிறார்கள் என்று கல்யாணத்தன்றே சொந்தக்காரர்கள் சிரித்திருந்தார்கள்.

"எண்ணெய்ப் பட்டறை வீட்டுல கடைக் களிம்பு வாங்கறோம்னு தெரு முழுக்கத் தெரியணுமா?"

"பையில மூடித்தான் கொண்டுவந்தேன்."

"மூடிக் கொண்டுவர்ற மாதிரி ஒரு பொருளை எதுக்கும்மா வாங்கணும்?"

மருமகள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நம்ம எண்ணெய் நல்ல எண்ணெய்தான் மாமா. எவ்வளவு நேரம் நிக்கும்னுதான் தெரியலை. மலேரியாக் கொசு பொழுது சாய்ஞ்சா வருது, விடியற வரைக்கும் விடாது. நடுவுல எண்ணெய் வேலையை நிறுத்திட்டா, கூடாரத்துல இருக்கிற அத்தனை பேர் கதி?"

"சீசாவுல எழுதியிருக்கே, படிக்கலையா?"

"நான் படிச்சுட்டேன். கொசுவும் படிக்கணுமே."

மகன் இருமுகிறவன் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டான். சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

பெரியவரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "சரி. உங்க ஆராய்ச்சி நிலையத்துலயே சோதிச்சுப் பாரு. என் கையிலேயே சோதி. எண்ணெய் ஜெயிச்சா இந்தப் பெட்டி வந்த வழியே திரும்பிப் போகணும். தோத்தா என் கையாலேயே இதை லாரியில ஏத்தறேன். சீசாவுல இருக்கிற வரியையும் எடுத்துடறேன்."

"ஐயோ மாமா, அந்த வரியைப் பத்தி நான் பேசவே இல்லையே."

"நான் பேசறேன். தப்பான வரிக்கு மேல எங்க குடும்பப் பேரு இருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு கூடத்தில் யாரும் இருமவில்லை.

மருமகள் மேலிடத்தில் அனுமதி வாங்கினாள். லாரி கிளம்புவதற்கு முந்தின நாள் நான்கு பேரும் போனார்கள். மகன் வண்டி ஓட்டினான். வேளைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்க ஆள் வேண்டும் என்று பெரியம்மாவும் ஏறிக்கொண்டார். அப்படித்தான் சொன்னார். நல்ல துணி உடுத்திக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தால், மாத்திரை கொடுக்கப் போகிறவர் மாதிரி இல்லை.

சோதனை அறைக்குள் பொழுது தலைகீழாக இருந்தது. இந்தக் கொசு இருட்டில்தான் கடிக்கும் என்பதால், வெளியே காலை வெயில் அடிக்கும்போது உள்ளே அந்தியாக்கி வைத்திருந்தார்கள். மங்கலான சிவப்பு விளக்கு. சுவரோரம் வலை போட்ட கூண்டுகள். ஒவ்வொன்றிலும் கையை நுழைக்க ஒரு துணிக்குழாய். அவற்றைப் பராமரிக்கிறவரை அங்கே எல்லோரும் 'கொசு மேய்ப்பவர்' என்றார்கள். அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க ஐயா. எல்லாம் இங்கேயே முட்டையிலேர்ந்து வளர்ந்ததுங்க. எந்த நோயாளியையும் பார்த்ததில்லை. ரொம்ப நல்ல குடும்பம்."

"நல்ல குடும்பம் அடுத்தவன் ரத்தத்தைக் குடிக்குமா?"

"பொண்ணுங்க மட்டும்தான் குடிக்கும் ஐயா. ஆணெல்லாம் இனிப்புத் தண்ணியை உறிஞ்சிட்டுச் சும்மா கிடக்கும்."

"எங்க போனாலும் இதே கதைதான்" என்றார் பெரியம்மா.

மருமகள் முறையைச் சொன்னாள். முதலில் வெறுங்கை. கொசு கடிக்கிற கைதானா என்று தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகுதான் எண்ணெய். பெரியவரின் கையை வாசனையில்லாத சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, விரல்களுக்கு உறை மாட்டினாள். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் மட்டும் தோல் வெளியே தெரிந்தது.

பெரியவர் கூண்டுக்குள் கையை விட்டார். எதிரியின் கோட்டைக்குள் தூதர் நுழைகிற தோரணையில்தான் விட்டார்.

கொசுக்கள் வலைச் சுவரில் அப்படியே உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் பறந்துவந்து கையில் இறங்கியது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி இரண்டடி நடந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று கிளம்பிவிட்டது.

"பசியில்லை போல" என்று கொசு மேய்ப்பவர் வேறொரு கூண்டைக் கொண்டுவந்தார். சந்தேகத்துக்குத் தன் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பாய்ந்து வந்தன. கையை உதறி எடுத்துக்கொண்டு, "பசி வெறியில இருக்கு. இப்போ வைங்க ஐயா" என்றார்.

பெரியவர் வைத்தார். பாய்ந்து வந்த அத்தனையும் அந்தக் கையைக் கண்டதும் சுவருக்கே திரும்பிவிட்டன.

"பார்த்தியா?" என்றார் பெரியவர். சிவப்பு வெளிச்சத்திலும் அவர் முகத்தில் இருந்த வெற்றி தெரிந்தது. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மருமகள் தயங்கினாள். "மாமா, இன்னும் எண்ணெயே தடவலையே."

பெரியவர் தன் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பொறந்ததுலேர்ந்து தடவறோம். உடம்புல ஊறியிருக்கும்" என்றார் பெரியவர். குரலில் பழைய விறைப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

"நான் வெச்சுப் பார்க்கிறேன்" என்று மகன் முன்னால் வந்தான். அவன் கைக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. கையை வெளியே எடுத்தவன், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஊறினதெல்லாம் இல்லப்பா. நான் எண்ணெய் தடவறதை விட்டு வருஷக்கணக்காச்சு. கடிக்கலை, அதனால தடவலை."

"என்கிட்ட சொல்லவே இல்லையேடா?"

"நீங்க கேட்கவே இல்லையேப்பா."

மருமகள் மெதுவாக எடுத்துச் சொன்னாள். ஒவ்வொருவர் தோலுக்கும் ஒரு வாசனை உண்டு. சிலருடையது கொசுவை இழுக்கும், சிலருடையதை அது சட்டை செய்யாது. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் அது வருவதுண்டு. இந்த வீட்டு ஆண்கள் மூன்று தலைமுறையும் ஒரே ரகம். எண்ணெய் இருந்தாலும் கடிக்காது, இல்லாவிட்டாலும் கடிக்காது.

"கொசுவுக்கு இருக்கிற விவரம், என்னை இந்த வீட்டுல குடுத்த எங்கப்பாவுக்கு இல்லாமப் போச்சே" என்றார் பெரியம்மா.

கொசு மேய்ப்பவர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று உணர்ந்து, ஒரு கூண்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. கணக்கு அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அப்பா, தான், மகன். அந்த வரிக்கு இத்தனை காலம் நின்ற மூன்று சாட்சிகளும் எண்ணெயைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்கள். அறிந்தவர் ஒருவர்தான். அவர் சொன்னதை யாரும் கேட்டதில்லை.

அந்த ஒருவர் இப்போது ரவிக்கைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டிருந்தார். "தள்ளுங்க. என் கையை வைக்கிறேன்."

பெரியம்மாவின் வெறுங்கை கூண்டுக்குள் போன மாத்திரத்தில் சுவரில் ஒரு கொசு பாக்கியில்லை. எல்லாம் கையில் இருந்தன.

"எடுங்க எடுங்க! அம்மா, இதுதான்மா கை!" என்றார் கொசு மேய்ப்பவர், கண் விரிய. "இப்படி ஒரு கை கிடைக்கிறது அபூர்வம்."

"என்னை இப்படி யாராவது ஓடி வந்து வரவேற்று எத்தனை நாளாச்சு" என்றார் பெரியம்மா.

ஆக, சோதனை அவர் மேல் நடப்பது என்று முடிவாயிற்று. ஒரு கையில் வீட்டு எண்ணெய், மறு கையில் கடைக் களிம்பு. மருமகள் அளந்த எண்ணெயோடு வந்தபோது பெரியவர் குறுக்கே நின்றார்.

"நான் தடவறேன். ஒழுங்காத் தடவலைன்னு பிற்பாடு ஒரு பேச்சு வரக் கூடாது."

"அந்தப் பேச்சு யார் வாயிலேர்ந்து வரும்னு யாருக்குமே தெரியாது பாருங்க" என்றார் பெரியம்மா.

பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். குனிந்தார். அந்த முதுகு குனிந்து மகனே பார்த்ததில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஊசிமுனை இடம் விடாமல், மேலும் கீழும் சுற்றியும் தடவினார். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறை அதுதான். எலுமிச்சம்புல் வாசனை அறை முழுவதும் பரவியது. மகன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். கொசு மேய்ப்பவர் கூரையை ஆராய்ந்தார். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று பெரியம்மா மட்டும் கூச்சமில்லாமல் கையைத் திருப்பிக் காட்டினார்.

அரை மணிக்கு ஒரு முறை இரண்டு கைகளும் கூண்டுக்குள் போய் வந்தன. முதல் தடவை எண்ணெய்க் கையின் பக்கம் ஒன்றுகூட வரவில்லை. அருகில் பறந்து வந்தவை வாசனை பட்டதும் விலகின. இரண்டாம், மூன்றாம் தடவைகளிலும் அப்படியே. பெரியவருக்கு மூச்சு சீரானது. தன் வீட்டு ஆண்களின் தோல் எப்படிப் போனால் என்ன, எண்ணெய் எண்ணெய்தானே.

"தைரியமா எழுதிக்கோம்மா" என்றார் மருமகளிடம்.

"எழுதிட்டேன் மாமா. நிஜமாவே நல்லா இருக்கு."

நான்காம் தடவை ஒரு கொசு எண்ணெய்க் கையில் இறங்கியது. நடந்து பார்த்தது. திரும்பிப் போகவில்லை. மூக்கை நீட்டியது. மருமகள் கையை அசைக்கச் சொல்லி அதை விரட்டினாள். நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடி வைத்தபோது இன்னும் இரண்டு வந்தன. அதற்கடுத்த முறை எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

பெரியவர் வாயைத் திறந்தார். "நீ ஒழுங்கா..."

பல வருஷப் பழக்கம், சொல் தானாகப் பல் வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றது. தன் விரல்களைப் பார்த்தார். அவற்றில் எண்ணெய் வாசனை இன்னும் லேசாக இருந்தது.

"சொல்லி முடிச்சுடுங்க" என்றார் பெரியம்மா. "பாதியில விட்டா தொண்டையில நிக்கும்."

அவர் முடிக்கவில்லை.

களிம்புக் கை மாலை வரை கூண்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. கொசுக்கள் கிட்டே வந்து, திக்குத் தெரியாதவை மாதிரி வளையமடித்துவிட்டுத் திரும்பின. ஒன்றும் உட்காரவில்லை. பெரியம்மாவுக்கே அலுத்துவிட்டது. "இது வேலை செய்யும்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்று கொட்டாவி விட்டார்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் பெரியவர்.

"துணி அலமாரியில அடித்தட்டுல ஒண்ணு வெச்சிருக்கேனே."

"எவ்வளவு நாளா?"

"நீங்க கடைசியா 'ஒழுங்காத் தடவலை'ன்னு சொன்ன மறுநாளே வாங்கிட்டேன். அதுக்கப்புறம் நீங்க அதைச் சொல்லவே இல்லை, கவனிச்சீங்களா?"

பெரியவர் கவனித்திருந்தார். நாலு பேரிடம் சொல்லியும் இருந்தார். அந்த நாலு பேரின் முகமும் வரிசையாக அவர் நினைவுக்கு வந்தது.

திரும்பும் வழியில் பெரியவர் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மருமகளால்தான் பொறுக்க முடியவில்லை. "மாமா, செடின்னா மட்டம், ரசாயனம்னா உசத்தின்னு நான் சொல்லலை. ஒரு வகைத் தைலமரத்து இலையிலேர்ந்து எடுத்துப் பக்குவம் பண்ணின சரக்கு பல மணி நேரம் நிக்குது. நம்ம எண்ணெய்க்கு வாசனைதான் காவல். வாசனை சீக்கிரம் பறந்துடுது, அவ்வளவுதான்."

"ஆறுதல் வேண்டாம்மா. நேரத்தைச் சொல்லு."

"ஒண்ணரை மணி நேரம்னு வெச்சுக்கலாம். அதுவும் மூடின அறையில, இந்த ஒரு கையில பார்த்தது. காத்துலயும் வேர்வையிலயும் இன்னும் குறையும்."

"விடியறதுக்கு அது எந்த மூலைக்கு?" என்றார் பெரியவர்.  

மறுநாள் காலை தெருவில் ஆள் நடமாட்டம் நன்றாக ஏறிய பிறகு, பெரியவர் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பையும் இல்லை, மேலே துணியும் இல்லை. மகன் வாங்கிக்கொள்ள ஓடி வந்தான். அவர் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெரியவர் நடுத்தெருவில் நடந்து போய்ப் பெட்டியை லாரியில் ஏற்றினார். அதன் பக்கத்திலேயே பச்சைச் சீசாக்கள் கொஞ்சத்தையும் வைத்தார். துளைபோடும் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள்.

"கேட்டுக்கோங்க" என்றார். "பச்சைச் சீசா, வெளிச்சம் இருக்கிறப்போ வெளியில உக்கார்ந்து டீ குடிக்கிற நேரத்துக்கு. பொழுது சாய்ஞ்சதும் வெள்ளைக் களிம்பு. அதுல எழுதியிருக்கிற முறைப்படி. படுக்கிறது வலைக்குள்ள. டாக்டர் குடுக்கிற மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது."

"ஐயா, சீசாவுல விடியும் வரைன்னு..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"அதைக் கிழிச்சுடு."

அவர் தாளைச் சுரண்டப் போனார். பெரியவர் சீசாவை வாங்கி, நகத்தால் அந்த ஒரு வரியை மட்டும் தானே கிழித்துக் கொடுத்தார்.

பட்டறைக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து எழுதினார். பட்டறை மேஸ்திரி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்: 'தடவினால் அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம் கொசு அண்டாது. பிறகு மறுபடி தடவ வேண்டும். மலேரியா உள்ள இடங்களில் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.'

"பெரியய்யா, இப்படிப் போட்டா யாரு வாங்குவாங்க?"

"ஒண்ணரை மணி நேரம் உக்காரறவங்க வாங்குவாங்க."

மேஸ்திரி நம்பிக்கையில்லாமல் கொப்பரைப் பக்கம் போனார். கதவருகில் பெரியம்மா நின்றிருந்தார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை. "மாமா எழுதின வரியாச்சேங்க. மனசு ஒப்புதா?"

"அப்பா தன் கண்ணால பார்த்ததை எழுதினார். அவரைக் கொசு கடிக்கலை, அது நிஜம். நான் வேற ஒண்ணைக் கண்டுட்டேன். கண்ட பிறகும் விட்டு வெச்சா, இன்னியிலேர்ந்து அது பொய். அந்தப் பொய்யை அவர் தலையில ஏத்த மாட்டேன்." கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "உன் பேச்சையும் கேட்டிருக்கணும்."

"என்ன சொன்னீங்க? சரியாக் காதுல விழலை."

"விழுந்துது, விழுந்துது."

பெரியம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பெரியவர் அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். புது வாசகத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தார். அச்சகக்காரர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.

"சரிங்க ஐயா. அந்த மலேரியா வரியை அடியில பொடி எழுத்துல போட்டுடறேன். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. யார் கண்ணுலயும் படாது."

"எங்க பேரு எவ்வளவு பெரிய எழுத்துல இருக்கு?"

"அது கொட்டை எழுத்து ஐயா. உங்கப்பா காலத்துலேர்ந்து அதே அளவுதான்."

"இந்த வரியும் அதே அளவுல வரணும்."

"இடம் பத்தாதே ஐயா. சின்னச் சீசா."

பெரியவர் சீசாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அச்சகக்காரர் சொன்னது வாஸ்தவம்தான். இடமில்லை. பெயரே முக்கால்வாசித் தாளையும் அடைத்துக்கொண்டிருந்தது.

"அப்போ பேரைச் சின்னதாக்கு" என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கேட்டுதா?"

"கேட்டுது ஐயா. நம்பத்தான் கொஞ்சம் நேரமாகுது."